பொங்கல் வரைக்கும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் பக்கத்து ஈரத்தில் வழுக்காமல் இருக்க ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். வாங்கிய முல்லையை அங்கேயே நின்று மற்றவள் தலையில் வைத்துவிடலாம். பூக்காரம்மாவே ஹேர்பின் எடுத்துத் தருவார். அதே இடத்தில் ஒரு பையனும் பெண்ணும் ஒரு முழம் தள்ளி நடந்தாலும், மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். ஊரின் இந்தப் பார்வைக் கோளாறு இருபது சொச்ச வயதில் எனக்குப் பெரிய வரமாக இருந்தது.

அவள் மார்க்கெட்டை ஒட்டிய மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவோடு மாதச் சாமான் வாங்கப் போகிறவள். எப்படித் தொடங்கியது என்பதை எழுதப்போவதில்லை, எல்லாருக்கும் தொடங்குகிற மாதிரிதான். எந்த நிபந்தனையில் தொடங்கியது என்பதுதான் விசேஷம். “பொங்கலுக்குள்ள எனக்கு எப்படியும் முடிச்சிடுவாங்கடி. அதுவரைக்கும் சும்மா இருப்போம்” என்றாள். நானும் தலையாட்டினேன். கேட்க எவ்வளவு லேசாக இருந்தது!

பொங்கல் வந்தது, போனது. அவளுக்குச் செவ்வாய் தோஷம். பொருத்தம் பார்க்கக் கொண்டுபோன ஜாதகமெல்லாம் திரும்பி வந்தது. சித்திரை வரைக்கும் என்றோம். ஆடி கழியட்டும் என்றோம். தம்பிக்கு வேலை கிடைத்தால் வீட்டில் மறுபடி மும்முரமாவார்கள், அதுவரைக்கும் என்றோம். ஒரு கிரகத்துக்கு இவ்வளவு கடன்பட்ட காதல் வேறு இருக்குமா தெரியவில்லை.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர் பின்விளைவு இல்லாத இடம். மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் தோளில் சாய்ந்து நடக்கலாம். ஞாயிறு ராத்திரி வண்டி ஏறிவிட்டால் எல்லாம் இங்கேயே விட்டுப்போனதாகக் கணக்கு. உள்ளூர்க்காரிக்கு அந்த வசதி கிடையாது. அவளும் நானும் ‘சும்மா’ என்று சொல்லிக்கொண்டது அந்த மாதிரி விளையாட்டுத்தனத்தில் அல்ல. எவ்வளவு கேட்டால் கிடைக்குமோ அவ்வளவுதான் கேட்டோம். ஆயுளைக் கேட்க இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை, பொங்கல் வரை கேட்டோம்.

அப்படித் தொடங்கிய உறவு எப்போது வேறாக மாறியது? ஆணும் பெண்ணும் என்றால் ஊர் அதற்கு மைல்கல் நட்டு வைத்திருக்கிறது. நிச்சயம், தாம்பூலம், பத்திரிகை. சாதி ஒத்துவராமல் ஓடிப்போனாலும் மயிலம் முருகன் கோயில் இருக்கிறது, ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கிறது. எங்கள் பாதையில் ஒரு கல்லும் இல்லை. நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. அவள் பைசா விஷயத்தில் கறார். டீக்கு நான் கொடுத்தால் மறுநாள் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். எந்த நாளும் பிரியலாம் என்று இருக்கிறவர்களுக்கு பாக்கி வைப்பது அழகில்லை என்பது அவள் கொள்கை. ஒருமுறை அவளுக்குச் செருப்பு அறுந்து, நேரு வீதியில் நான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரமாகியும் பணம் வரவில்லை. கிண்டலாகக் கேட்டேன். “இருக்கட்டும். நீ எங்க போகப்போறே?” என்றாள். எனக்கு நடந்த நிச்சயதார்த்தம் அதுதான்.

ஜாதகம், மண்டபம், ஆயிரம் பத்திரிகை என்று மகா தீவிரத்தோடு தொடங்கி, பத்து வருஷத்தில் ஒருவர் இருப்பதே இன்னொருவருக்கு உறைக்காமல் போன வீடுகளை எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆகவே, தொடக்கத்தில் சத்தியம் செய்யாதவர்கள் ஆழமில்லாதவர்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதற்காக, ஒரு கட்டும் இல்லாமல் நிற்பதே உயர்ந்த அன்பு என்று கவிதை பாடவும் எனக்கு மனம் வராது. பிணைக்க எதுவும் இல்லாததன் விலையை, உடம்பு சரியில்லாத நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கொடுத்தவள் நான். “நீங்க யாரு?” என்ற கேள்விக்கு “ஃப்ரெண்ட்” என்று சொன்னால் கதவு பாதிதான் திறக்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1791இலேயே ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டவர்கள். இங்கே அவர்கள் சட்டம் ஓடியது. 1962இல் நாம் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் மடியில், 1860இல் ஆங்கிலேயன் எழுதிய, ஒருபால் உறவைத் தண்டிக்கிற 377ஆம் பிரிவும் வந்து இறங்கியது. சுதந்திரத்தோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. இன்றைக்கும் இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் 2013 முதல் இரண்டு பெண்கள் மணந்துகொள்ளலாம். நம் நாட்டில் அந்த உரிமை இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கிற வாழ்க்கை எங்கள் ரேஷன் கார்டில் இல்லை. அதற்காக பிரெஞ்சுக்காரன் காலம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். சட்டப் புத்தகத்தில் இல்லாத குற்றத்துக்கும் வீட்டில் தண்டனை உண்டு, அன்றும் இன்றும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு போட்டார். தனக்கு இந்த மாதிரி உறவு புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டு வந்தவர் அவர். அவரவர் விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் ‘காணவில்லை’ புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும் என்றார். அதைப் படித்த அன்று அவள் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது 2025 மே 22 தேதியிட்ட இன்னொரு தீர்ப்பு. வேலூர் மாவட்டத்தில் 25 வயது மகளைப் பெற்றோர் அடைத்துவைத்திருப்பதாக அவளுடைய துணை போட்ட ஆட்கொணர்வு மனு. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை விடுவித்தார்கள். குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் உண்டாவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். எல்லாப் பெற்றோரும், மகனின் பால் விருப்பத்தை ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத் மாதிரி இருப்பதில்லை என்றும் எழுதினார்கள். உதவி கேட்டும் அசையாத காவல் நிலையங்களைக் கண்டித்தபோது அந்த வரிசையில் நம்மூர் ரெட்டியார்பாளையத்தின் பெயரும் இருந்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போன அந்தப் பெண், மனுவில் தன்னை நெருங்கிய தோழி என்றுதான் எழுதியிருந்தாள். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்றார்கள் நீதிபதிகள்.

எனக்கும் நன்றாகவே புரியும். நாங்கள் இப்போது லாஸ்பேட்டைப் பக்கம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எங்கள் மேல் பிரியம் அதிகம், ஆம்பிளை வந்துபோகாத வீடாம். கல்யாணமாகாத இரண்டு பாவப்பட்ட பெண்கள் என்று சொந்தக்காரர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அவள் இதில் நிம்மதியாக இருக்கிறாள். “தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு எதுக்கு? சொல்லிட்டு நாளைக்கு எந்தக் கடையில போய் நிக்கிறது?” என்பது அவள் வாதம். தப்பென்று சொல்ல முடியவில்லை. எனக்கோ, மார்க்கெட்டில் யாரும் திரும்பிப் பார்க்காதது வர வர உறுத்துகிறது. தலையில் பூ வைத்துவிடுகிறவள் எனக்கு யார் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும் போலிருக்கிறது.

2024இல் மத்திய அரசு, இந்த மாதிரி இணையர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று அறிவித்தது. கணக்குப்பிள்ளைக்கு அதில் உடனே ஆசை வந்துவிட்டது. அடுத்து உயில் பற்றிப் பேச்சு வந்தது. நாமினி மட்டும் போட்டால் சொத்து அவருக்கே சேர்ந்துவிடாது, உயில் எழுதுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லையாம். அவளுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. என்ன எழுதியிருக்கிறோம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிற இரண்டு பேர் வேண்டும் என்பது என் பிடிவாதம். மூன்று ராத்திரி வாக்குவாதத்துக்குப் பிறகு, ஒருவர் தெரிந்தவர், ஒருவர் தெரியாதவர் என்று இறங்கி வந்திருக்கிறாள். தெரியாதவருக்கு வீட்டுக்கார அம்மா என்று உடனே முடிவாகிவிட்டது. மற்றவருக்கு, இந்த ஊரில் எங்களுக்குப் பழக்கமானவர்களின் பெயர்களையெல்லாம் அவள் நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறோம்.