நாணேறிய அம்பும் இன்னா செய்யாமையும்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்புல்லாணியும், பாம்பனுக்கு அப்பால் தீவில் அமைந்த இராமேசுவரமும் ஒரே கதையின் இரு முனைகள். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருப்புல்லாணியில் தர்ப்ப சயன இராமருக்குத் தனிச் சன்னிதி உண்டு. இலங்கைக்கு வழி விடுமாறு கடலரசனை வேண்டி, தர்ப்பைப் புல்லை விரித்து இராமன் நோன்பு கிடந்த இடம் இதுவென்பது தலமரபு. இராமேசுவரத்துத் தலபுராணமோ போருக்குப் பிந்தியது: புலத்திய முனிவரின் பேரனான இராவணனைக் கொன்றதனால் நேர்ந்த பிரமகத்தி, அதாவது அந்தணனைக் கொன்ற பாவம், நீங்கும்பொருட்டு இராமன் அங்கே சிவலிங்கத்தை நிறுவி வழிபட்டதாக அது சொல்கிறது. போருக்கு முன் இரந்து நின்ற இடமும், போருக்குப் பின் கழுவாய் தேடிய இடமும் ஒரே கடற்கரையில் இருக்க, நடுவில் நிகழ்ந்த போர் மட்டும் கடலுக்கு அக்கரையில் கிடக்கிறது. அறத்தின் பக்கம் நின்றவன் ஆயுதம் எடுக்கலாமா, எடுத்தால் அதற்கு விலை உண்டா என்ற கேள்வியை இந்தக் கரை தன் நில அமைப்பிலேயே தாங்கி நிற்கிறது எனலாம்.

திருப்புல்லாணிக் கதை அகிம்சைக்கு எதிரான சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. வான்மீகியின் கணக்கில் மூன்று இரவுகளும் கம்பனின் கணக்கில் ஏழு நாள்களும் இராமன் காத்துக் கிடந்தும் கடலரசன் வரவில்லை. வில்லை எடுத்தபின்னரே வந்தான். அடக்கமும் பொறுமையும் நேர்மையும் இன்சொல்லும் குணமற்றவர்களிடத்தில் இயலாமையாகவே எண்ணப்படுகின்றன என்ற பொருள்பட வான்மீகியின் இராமன் சினந்து பேசுகிறான். உண்ணாநோன்பும் மனுக்கொடுப்பும் பயன்தரா, பலம் ஒன்றே பேசும் என்று வாதிடுவோர்க்கு இதைவிட வசதியான இடம் இதிகாசத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் அதே பகுதியைச் சற்று மேலும் படித்தால் வாதம் அவ்வளவு நேராக ஓடவில்லை. வெளிப்பட்ட கடலரசன் அஞ்சி வழி விட்டுவிடவில்லை. நிலம், நீர், தீ, காற்று, வான் ஆகிய ஐந்தும் தத்தம் இயல்பில் நிற்பவை என்றும், ஆழமாகவும் கடத்தற்கரியதாகவும் இருப்பதே தன் இயல்பு என்றும் விளக்கிவிட்டு, படையில் உள்ள நளன் என்னும் வானரன் அணை கட்டினால் அதைத் தாங்கிக்கொள்வதாக மட்டுமே உறுதி தருகிறான். கடலைக் கடக்க உதவியது வில் அன்று. வானரர் ஐந்து நாள் கல்லும் மரமும் சுமந்து கட்டிய அணையே. அம்பின் கதை அதைவிட வியப்பானது. நாணில் ஏற்றிய அம்பு வீணாகக் கூடாது என்ற விதி இருந்தமையால், அதை எங்கே விடுவது என்று இராமன் கேட்க, வடக்கே துருமகுல்யம் என்ற இடத்தில் தீயோர் வாழ்வதாகச் சொல்லிக் கடலரசன் அந்தத் திசையைக் காட்டுகிறான். அம்பு அங்கே விழுந்து அந்நிலத்தின் நீரை வற்றச்செய்ய, அவ்விடம் மருகாந்தாரம் என்னும் பாலையாகிறது. அந்நிலம் செழிக்க இராமன் பின்னர் வரம் அளிக்கிறான் என்பது உண்மையே. ஆயினும் கடலுக்கும் இராமனுக்கும் இடையே எழுந்த வழக்கில் துருமகுல்யத்தார்க்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் தீயோர் என்பதற்கும் வழக்கில் தப்பிக்க நினைத்த ஒருவனின் சொல்லே சான்று. வன்முறையின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது: அது தொடுத்தவனின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை, இலக்கு விலகிய பின்னும் எவர்மேலாவது விழுந்தாக வேண்டியிருக்கிறது.

இராமேசுவரம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இராவணன் குற்றவாளி என்பதில் மரபுக்கு ஐயமில்லை. போர் நியாயமானது என்பதிலும் ஐயமில்லை. அப்படியிருந்தும் கழுவாய் வேண்டப்படுகிறது. நியாயம் கொலையை அனுமதித்தாலும் கொலையின் கறையை அழிப்பதில்லை என்ற நுட்பமான கருத்து, பக்தர்கள் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கிக் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடும் வழக்கத்தின் அடியில் இருக்கிறது. கொன்றவனே அவதாரமாயினும் கறை கறையே என்று சொல்லத் துணிந்த தலபுராணத்தை வெறும் தலப்பெருமையாக வாசித்துவிடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது.

தமிழில் ‘அகிம்சை’ என்ற வடசொல்லுக்கு முன்பே இக்கருத்துக்குச் சொற்கள் இருந்தன. திருக்குறள் ‘இன்னா செய்யாமை’ என்று 32-ஆம் அதிகாரத்தையும் ‘கொல்லாமை’ என்று 33-ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்திருப்பது கருதத்தக்கது. கொல்லாமை உயிரைப் பறிக்காமை. இன்னா செய்யாமையோ பிறர்க்குத் துன்பம் தரும் எதையும் செய்யாமை என்பதால், வாளெடுக்காதவனும் அதன் விசாரணைக்குள் வந்துவிடுகிறான். 1908-இல் தோல்சுதோய் இந்திய இளைஞர் ஒருவர்க்கு எழுதிய நீண்ட கடிதத்தில் குறளைச் சான்றாகக் காட்டினார். அதைத் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி 1909-இல் குஜராத்தியில் பெயர்த்தார். உண்மையைப் பற்றி நின்று துன்பத்தைத் தானே ஏற்பதைச் சத்தியாக்கிரகம் என்றும், பிடிவாதத்தால் எதிரியை நெருக்குவதைத் துராக்கிரகம் என்றும் காந்தி பிரித்தார். அன்பு கொண்டவரை நோக்கியே உண்ணாநோன்பு இருக்க இயலும் என்பது அவர் கொள்கை. இந்த அளவுகோலின்படி மூன்றாம் இரவின் முடிவில் வில்லெடுத்த நோன்பு, தொடக்கத்திலிருந்தே சத்தியாக்கிரகமாக இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. கெடு வைத்துச் செய்யும் வேண்டுகோள், வேறு உடையில் வந்த மிரட்டலே.

கொல்லாமைக்கும் இன்னா செய்யாமைக்கும் உள்ள வேறுபாடு இன்றைய பாக் நீரிணையில் ஏட்டளவில் நிற்பதில்லை. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கச்சத்தீவை இலங்கைப் பக்கத்தில் விட்டுக் கடல் எல்லையை வகுத்தபின், இராமேசுவரம் மீனவர்கள் எல்லை தாண்டியதாகச் சுடப்பட்டும் சிறைப்பட்டும் படகிழந்தும் வந்திருக்கின்றனர்; அவர்கள் வேலைநிறுத்தமாகவும் உண்ணாவிரதமாகவும் நடத்திய அறவழிப் போராட்டங்கள் பல. சுடுவது கொடுமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் இந்தப் போராட்டங்கள் தில்லியையும் கொழும்பையும் நோக்கி எழுகையில், விசைப்படகின் இழுவை மடி கடலடியை வாரிச் செல்வதால் வலை அறுந்தும் மீன்வளம் குன்றியும் நிற்பவர் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவரே. உள்நாட்டுப் போரால் ஆண்டுக்கணக்கில் கடல் மறுக்கப்பட்டு, 2009-க்குப் பின் கரையிலிருந்து மீண்டும் படகிறக்கியவர்கள் அவர்கள். வழக்கு இரு அரசுகளுக்கு இடையே. அம்பு விழுவது துருமகுல்யத்தில். துப்பாக்கியை ஒருபோதும் தொடாத இராமேசுவரத்து மீனவர் கொல்லாமையைக் காத்தவரே. இன்னா செய்யாமையைக் காத்தாரா என்பது வேறு கேள்வி, அதை அவர்மீது மட்டும் சுமத்துவதும் முறையன்று. இழுவை மடியை ஊக்குவித்து, அதற்குக் கடனும் டீசலுக்கு மானியமும் தந்தவை அரசின் திட்டங்களே.

ஆகவே இங்கே அகிம்சை என்பது கையில் ஆயுதமின்மையோடு முடிவதில்லை. தன் தொழிலால் பிறர்க்கு நேரும் துன்பத்தைக் கணக்கில் எடுத்து, அதைக் குறைக்கும் செலவை எவர் ஏற்பது என்று பேசும் நிலைக்கு அது வந்தாக வேண்டும். 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு தரப்பு மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் அமர்ந்தபோது, இழுவை மடியைக் கைவிட இந்தியத் தரப்பு மூன்று ஆண்டு அவகாசம் கேட்டது. இலங்கைத் தரப்பு இசையவில்லை. 2017-இல் இலங்கை அந்த மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்திய அரசு, விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்ற, 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம் தரும் திட்டத்தை அறிவித்தது. எஞ்சிய 30 விழுக்காட்டைக் கடனாகவும் கைப்பணமாகவும் திரட்டுவது பலர்க்கு எளிதாக இல்லை. கழுவாய்க்கும் முதலீடு வேண்டியிருக்கிறது.

கடல் வழக்கைப் பேசித் தீர்க்கும் பழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. விசைப்படகுகள் வந்த பின் நாட்டுப்படகு மீனவர்களோடு அவற்றுக்கு எழுந்த மோதல்களின் விளைவாக, வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளுக்கும் 4 நாள் நாட்டுப்படகுகளுக்கும் என்று கடலை நாளால் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இராமேசுவரத்தில் உருவாயிற்று. எவரும் எவரையும் வெல்லாத, எவர்க்கும் முழு நிறைவு தராத ஏற்பாடு அது. ஆனால் எவர் எந்நாளில் கடலுக்குப் போவது என்பதை அதுவே முடிவுசெய்கிறது. எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் அதே கடல், அதே இறால். அங்கே நாள் பிரித்துக்கொள்ளும் உடன்பாடு இன்னும் நிலைபெறவில்லை.