வீட்டில் முதல் கம்பஸ் பிள்ளை

மருதனார்மடச் சந்தியில் காலையில் இரண்டு விதமான சுமைகள் இறங்குகின்றன. சந்தைக்கு வந்த வெங்காயமும் கத்தரிக்காயும் வாழைக்குலையும் ஒரு பக்கம். பஸ்ஸால் இறங்கும் பிள்ளைகளின் தோளில் தொங்கும் வயலின் பெட்டி, உறைக்குள் இருக்கும் மிருதங்கம், சுருட்டிய ஓவியத்தாள் மறுபக்கம். இராமநாதன் நுண்கலைக்கழகம் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும் பல்கலைக்கழகப் பீடம் இங்கேதான் இருக்கிறது. சந்தையில் மூட்டை இறக்குகிறவருடைய மகள் அந்த வயலின் பெட்டியோடு உள்ளே போகலாம். அப்படிப் போக முடிவது பெரிய காரியம். போனவள் பட்டத்தோடு வெளியே வருகிறாளா, வரும்வரை அவளுடைய நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

இந்த வளவில் படிப்பு தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று இங்கே கல்லூரி கட்டினார். ஆண்பிள்ளைகளுக்கு 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது. 1960இல் மருதனார்மடத்தில் இசைக்கல்லூரி ஆரம்பமானது. அதன் அதிபராகத் தமிழகத்திலிருந்து மகாராஜபுரம் சந்தானம் வந்து சில ஆண்டுகள் இருந்தார். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. க. கைலாசபதி அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டே இசைக்கல்லூரியும் அந்த வளாகத்தோடு சேர்ந்தது.

கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த கதை இது. ஆனால் யாருக்குத் திறந்தன என்று கேட்டால் கதை கொஞ்சம் கனக்கும். பெண் கல்விக்கு இடம் கொடுத்த அதே இராமநாதன், அரசியல் சீர்திருத்தத்துக்காக வந்த தொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தவர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசு சொன்னபோது குடாநாட்டில் பாடசாலைகள் எரிந்தன. டொமினிக் ஜீவா சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். ஆசிரியர் ஒருவர் வாயிலிருந்து வந்த சாதிச் சொல் அதற்குக் காரணம். அவர் சலூன் தொழிலாளியாக வளர்ந்து, எழுத்தாளராகி, 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. மருதனார்மடச் சந்தி அந்தத் திசையில்தான் கிடக்கிறது. இன்று வயலின் பெட்டியோடு இறங்கும் பிள்ளைகளில் சிலருடைய பாட்டன்மார் அந்த ஊர்வலத்தில் நடந்திருக்கக்கூடும்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. பணம் வாங்காத பல்கலைக்கழகம் என்பது உலகில் பல நாடுகளுக்கு இன்றைக்கும் கனவு. அதை வைத்திருக்கிறோம் என்ற நன்றியோடுதான் அதன் குறையையும் பேச வேண்டும். வாசலில் காசு கேட்காவிட்டால் போதும், மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் அது கட்டப்பட்டது. மீதிதான் நீளமான வழி.

கம்பஸ் போனவர்கள் இருக்கும் வீட்டைப் பாருங்கள். மாமா பொறியியலாளர், பெரியக்கா ஆசிரியை. ஏ.எல். பெறுபேறு வந்த அன்றிரவே சோற்றுக்கோப்பையைச் சுற்றி ஒரு சிறிய ஆணைக்குழு கூடிவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. விருப்ப ஒழுங்கில் எதை மேலே போடுகிறோம், எதைக் கீழே போடுகிறோம் என்பதில் ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையும் திரும்பலாம். போன வருட வெட்டுப்புள்ளி என்ன, எந்தப் படிப்புக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு, எதற்கு இங்கிலிஷ் வேண்டும் என்று மாமா விரல்விட்டு எண்ணுவார். முதல் கம்பஸ் பிள்ளையின் வீட்டில் அந்தக் கைநூலைப் புரட்டுவது அவள் மட்டும். சந்தியில் உள்ள கொமினிகேசன் கடைக்காரர்தான் அவளுடைய மாமா. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடையில் அன்றைக்கு இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

உள்ளே போன பிறகும் இதே கதைதான், கேள்விகள் மட்டும் மாறும். முதல் அரையாண்டில் ஒரு பாடம் சறுக்கினால், கம்பஸ் தெரிந்த வீட்டில் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள்: “அதுக்கென்ன, திரும்ப எடு. எனக்கும் ரெண்டு சறுக்கினது.” முதல் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நான் இந்த இடத்துக்குரிய ஆளில்லையோ என்ற பழைய சந்தேகத்துக்கு அந்தச் சித்தியின்மை சாட்சியாகிவிடும். வீட்டுக்குச் சொல்லமாட்டாள். அம்மா போனில் “சாப்பிட்டியா பிள்ளை?” என்பார். “ஓம்” என்பாள். படிப்பைப் பற்றிக் கேட்க அம்மாவிடம் சொற்கள் இல்லை. சொல்ல மகளுக்கும் மனமில்லை. ஒருவருக்கொருவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அந்த இரண்டு நிமிடப் பேச்சு சாப்பாட்டைத் தாண்டாது.

விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டலாமா? தவணைக்குள் ஒப்படை கொடுக்க முடியாவிட்டால் யாரிடம் கடிதம் கொடுப்பது? இவற்றுக்கெல்லாம் விடை எங்கோ ஓர் அறிவித்தல் பலகையில் இருக்கும். அப்படியொரு விடை இருக்கிறது என்று தெரியாத பிள்ளை அந்தப் பலகையைத் தேடிப்போகமாட்டாள். “தேவையென்றால் கேட்டிருக்கலாமே” என்று பின்னர் சொல்லுபவர்கள் இதை யோசிப்பதில்லை. கேட்பது என்பதும் பழக்கத்தால் வருவது, அந்தப் பழக்கம் வீட்டில் பிடிபடுவது.

மருதனார்மடத்தில் இது இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் இங்கே படிப்பது சங்கீதமும் நடனமும் ஓவியமும். வசதியுள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆறேழு வயதிலேயே வீட்டுக்குப் பக்கத்து ரீச்சரிடம் சரளி வரிசை பாடத் தொடங்கிவிடும். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் படிப்படியாக ஏறிக் கலாவித்தகர் பட்டத்தைக்கூட எட்டியிருக்கும். பாடசாலையில் மட்டும் சங்கீதம் படித்துவிட்டு முல்லைத்தீவிலிருந்து வரும் பிள்ளையும் அதே வகுப்பில் அதே தம்புராவுக்கு முன்னால் இருக்கிறது. குரல் இரண்டு பேருக்கும் இருக்கலாம். பத்து வருட வித்தியாசத்தைக் குரலால் மட்டும் ஈடுகட்ட முடியாது. நடனம் என்றால் உடுப்பு, சலங்கை, பக்கவாத்தியம். ஓவியம் என்றால் சாயமும் துணியும். இலவசக் கல்வியின் கணக்கில் இவை எழுதப்படவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. மருதனார்மடத்தின் அயலில் உள்ள இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் பரம்பரைகளால் பேரெடுத்த ஊர்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி அந்த மண்ணின் மரபில் வந்தவர். தலைமுறை தலைமுறையாக இசையை வைத்திருந்த அந்தக் குடும்பங்களிலும், பல்கலைக்கழகம் போகும் பிள்ளை பல நேரம் அந்த வீட்டின் முதல் ஆள். காதில் இருக்கும் இசை இன்னொரு வீட்டில் நூறு வருடம் சம்பாதித்தாலும் கிடைக்காதது. ஆனால் ஆய்வுக்கட்டுரை எழுதவும் அடிக்குறிப்புப் போடவும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘பின்தங்கிய பின்னணி’ என்று எழுதுகிறவர்கள் இந்த வீடுகளில் என்னென்ன முன்னால் நிற்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

மலையகத்திலிருந்து வருகிறவளுக்கு வழி மேலும் நீளம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு முழுமையாக வரவே 1970களின் கடைசி ஆகிவிட்டது. 2021இல் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்குவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறாள். பேசுவது தமிழ்தான். ஆனால் அவள் “ஆமா” என்கிற இடத்தில் எல்லாரும் “ஓம்” என்கிறார்கள். அந்தச் சின்னச் சொல்லுக்காகவே முதல் மாதம் வாய்திறக்காமல் இருந்துவிடலாம்.

அரசு இவர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசில் எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கியிருக்கிறது. நீண்டகாலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த அந்தப் பணத்தை 7,500 ஆக்குவதாக 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. பல்கலைக்கழக அனுமதியிலோ, மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளின் இடங்களில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. 1970களில் தரப்படுத்தல் தமிழ் இளைஞர்களிடம் உண்டாக்கிய காயத்தைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதத்தின் வெப்பத்தில் ஒரு விடயம் மறைந்தே போனது. மாவட்டம் என்ற அளவுகோலில், நகரத்து டொக்டரின் மகனும் நெடுந்தீவு மீனவரின் மகளும் ஒரே யாழ்ப்பாணம். வீட்டுக்குள் யார் முதல் ஆள் என்று அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு அதைப் பார்க்கிறது. தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010–11 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வருவாய்த்துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ‘முதல் பட்டதாரி’ என்பதை ஓர் அரசு ஒரு தகுதியாகவே எழுதிவைத்தது மரியாதைக்குரிய செயல். குடும்பத்தில் ஒருவர் பட்டதாரியானால் அடுத்த பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டின் வறுமை அவ்வளவு சீக்கிரம் போய்விடாது என்பதால் இந்த விதி கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் அதற்குள் ஒரு சரியான ஊகம் இருக்கிறது: இரண்டாவது பிள்ளைக்கு இப்போது கேட்பதற்கு ஓர் அக்கா உண்டு.

அந்த அக்காவின் பெறுமதியை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டீபன்ஸும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்தவர்களை ஏறக்குறைய ஒரு மணிநேரம் மூத்த மாணவர்களின் பேச்சைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவான புத்திமதி. மற்றக் குழுவுக்கு அதே மூத்தவர்கள், தாங்கள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தோம், அதனால் எங்கே தடுக்கினோம், பிறகு யாரிடம் போய்க் கேட்டோம் என்று திறந்து பேசினார்கள். முதலாம் ஆண்டு முடிவில், இரண்டாவது குழுவில் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புள்ளி இடைவெளி 63 வீதம் சுருங்கியிருந்தது. அந்தப் பிள்ளைகள் விரிவுரையாளர்களைத் தேடிப்போய் உதவி கேட்பதும் கூடியிருந்தது.

ஒரு மணிநேரம். கட்டடம் கட்டத் தேவையில்லை.

எங்களுடைய பல்கலைக்கழகங்களிலும் மூத்தவர்கள் புதியவர்களை முதல் நாளே சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்புக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பகிடிவதை. 1998இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது; பிறகும் அது ஓயவில்லை. இதில் மிகவும் நோகும் இடம், வதைக்கிற சீனியரும் பல நேரம் தன் வீட்டின் முதல் ஆள்தான் என்பது. மகாபொலப் படிவத்தை எங்கே கொடுப்பது, முதல் தவணைப் பணம் கைக்கு வரும்வரை எப்படிச் சமாளிப்பது, எந்த ரீச்சரிடம் பயமில்லாமல் போகலாம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் தானே தனியாகத் தடவித்தடவிக் கண்டுபிடித்தவன். அந்த அறிவை ஒரு மேசையில் இருந்து சொல்ல அவனுக்கு இடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாத்தியங்களை முதல் வருடத்துக்கு இரவல் கொடுக்கும் ஓர் அலுமாரி, வகுப்புக்கு இரண்டு வாரம் வராத பிள்ளைக்குப் போன் எடுத்து “என்னம்மா, ஏன் வரேல்ல?” என்று கேட்கும் ஒருவர், இவையும் வேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் மண்டபம் கட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கு போதும். யாரும் கேட்டு வரட்டும் என்று காத்திராமல் அவர்களே தேடிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இதற்கெல்லாம் காத்திராமல் சில பிள்ளைகள் தாங்களாகவே செய்கிறார்கள். உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வன்னிக் கிராமங்களிலும் தோட்டத்து லயங்களிலும் ஒரு வீட்டு வாசலில் மட்டும் செருப்புகள் கூடும். அந்த ஊரிலிருந்து கம்பஸ் போனவளின் வீடு அது. அவளுக்கே இன்னும் ஒரு பாடம் திரும்ப எடுக்க இருக்கலாம். பட்டம் கைக்கு வரவில்லை. உள்ளே பாயில் கைநூல் விரித்தபடி கிடக்கிறது, பக்கத்தில் இரண்டு மூன்று பேர் பேனையோடு குனிந்திருக்கிறார்கள். அவர்களில் சின்னவள் படிவத்தின் முதல் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

“அக்கா, இதில முதலாவதா எதைப் போடுறது?”