காதலுக்குக் களமா, களத்துக்குக் காதலா?

"ஐயா, கடைசியில் அந்தப் பெண் யாரை மணந்துகொண்டாள்?"

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நான் முடித்த வேளையில் எழுந்த கேள்வி இது. முதல் நாள் இரவு 'பேர்ல் ஹார்பர்' படத்தைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கிய மாணவன் பாதியில் உறங்கிவிட்டானாம். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஹவாய்த் தீவின் அந்தத் துறைமுகத்தில் அமெரிக்கர் தரப்பில் மாண்டவர் 2,403 பேர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்போதுதான் திரும்பினேன். எண்ணைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மணமகன் யார் என்பதே வகுப்பின் கவலை! சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வெட்கினேன். கல்லூரி விடுதியில் அந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது நானும் அதே கவலையோடுதான் கண் விழித்திருந்தேன்.

2001ஆம் ஆண்டு வெளிவந்தது அப்படம். மைக்கேல் பே இயக்கியது. மூன்று மணி நேரம் ஓடுவது. கதை பழையது. ரேஃப், டேனி என இரு நண்பர்கள், இருவரும் விமானிகள். எவலின் என்ற செவிலிப் பெண் ரேஃபைக் காதலிக்கிறாள். அவன் இங்கிலாந்துக்குப் போர் புரியச் செல்கிறான். இறந்தான் எனச் செய்தி வருகிறது. துயரத்தில் தோள் கொடுத்த டேனியிடம் அவள் மனம் சாய்கிறது. இறந்தவன் உயிரோடு திரும்பி வருகிறான்! நண்பர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பொழுது விடிகிறது, குண்டு விழுகிறது. பகை மறைந்து இருவரும் விமானம் ஏறுகிறார்கள். பின்னர் டேனி சீனத்து மண்ணில் சாகிறான். ரேஃப் அவளை மணந்து, டேனியின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கிறான்.

நன்றாகக் கவனியுங்கள். நண்பர் பிணக்கைத் தீர்த்தது எது? ஜப்பானியக் குண்டு. இருவருள் எவனுக்கு அவள் என்ற சிக்கலை அவிழ்த்தது எது? ஜப்பானியத் துப்பாக்கி. கதாசிரியரால் முடிக்க முடியாத கணக்கையெல்லாம் போர் முடித்துத் தருகிறது. போர் இங்கே திருமணத் தரகர் வேலை பார்க்கிறது! 'அரிசோனா' என்ற ஒரே கப்பலில் 1,177 பேர் மாண்டனர். அவர்கள் அனைவரும் இந்த மணவிழாவுக்கு மொய் எழுதியவர்களா?

போரைக் காட்டும் படத்தில் காதலே கூடாது என்பாரின் கட்சியல்லன் நான். காதலில்லாத போர் எங்கே நடந்தது? களத்துக்குச் சென்றவன் கல்லாற் செய்தவனல்லன். அவனுக்கும் ஒருத்தி இருந்தாள், அவளுக்கும் ஒரு வாசற்படி இருந்தது. போர் எதை அழிக்கிறது என்பதைக் காட்ட வேண்டுமானால், அழிவதற்கு முன் அது எவ்வளவு இனிதாயிருந்தது என்பதையும் காட்டத்தான் வேண்டும். அகத்தையும் புறத்தையும் தனித்தனியே வகுத்த நம் தொல்காப்பியர் கூட இரண்டுக்கும் இடையே பாலம் போட்டார். இரு வேந்தர் எதிரெதிர் நின்று பொரும் தும்பைத் திணைக்கு அவர் இணையாக வைத்த அகத்திணை எது? கூடலைப் பாடும் குறிஞ்சியன்று. கடற்கரையில் நின்று இரங்கும் நெய்தல்! வகுப்பில் இலக்கணமாகப் பலமுறை ஒப்பித்ததுண்டு. துறைமுகத்தில் கப்பல்கள் எரிவதைத் திரையில் கண்ட பிறகுதான் அதன் பொருள் எனக்கு எட்டியது.

இந்த இரக்கத்தைக் காட்டிய படமும் உண்டு. 1957இல் மிகயீல் கலாத்தோசவ் என்னும் சோவியத்து இயக்குநர் எடுத்த 'கொக்குகள் பறக்கின்றன' என்ற படம்; மறு ஆண்டு கான் விழாவில் உயர்ந்த பரிசு பெற்றது. அங்கும் காதலர் இருவர். அங்கும் காதலன் போருக்குப் போகிறான். அங்கும் காதலி வேறொருவனுக்கு மனைவியாகிறாள். ஆனால் போர் அங்கே எந்தச் சிக்கலையும் தீர்க்கவில்லை. அவள் வீட்டைக் குண்டு தகர்க்கிறது, பெற்றோரைப் பறிக்கிறது, விரும்பாத மணத்தில் தள்ளுகிறது. இறுதியில் வெற்றி வீரர் திரும்பும் புகைவண்டி நிலையத்தில், தன்னவன் வரமாட்டான் எனத் தெளிந்தபின், அவனுக்கெனக் கொண்டுவந்த மலர்களை அங்கு நிற்போர்க்கெல்லாம் அவள் பகிர்ந்தளிக்கிறாள். ஒருத்தியின் துயரம் ஊராரின் துயரத்தோடு கலக்கிறது. 'பேர்ல் ஹார்பரில்' நடப்பது இதற்கு நேர்மாறு; ஊராரின் துயரம் ஒருத்தியின் கதைக்குத் திரைச்சீலையாகத் தொங்குகிறது.

அப்படத்தில் பலரும் வியக்கும் காட்சி ஒன்றுண்டு. விமானத்திலிருந்து நழுவும் குண்டோடு நாமும் சேர்ந்து கீழே இறங்குகிறோம், காற்று சீறுகிறது, கப்பலின் மேல்தளம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. விடுதியில் அன்று நாங்கள் விசிலடித்தோம். யாருடைய கண்ணால் பார்த்தோம் என்று எண்ணவில்லை. கப்பலில் இருந்தவன் கண்ணாலன்று, குண்டின் கண்ணால்! தொழில் நேர்த்தியை நான் மறுக்கவில்லை. அந்த நேர்த்திதான் அச்சமூட்டுகிறது.

எவருடைய சாவுக்கு நாம் அழ வேண்டும் என்பதையும் காதற்கதையே முடிவு செய்துவிடுகிறது. 1942 ஏப்ரல் 18 அன்று 16 விமானங்களில் 80 பேர் சென்று டோக்கியோ முதலிய நகரங்களைத் தாக்கினர். திரும்ப இடமின்றிப் பெரும்பாலோர் சீனத்தில் வீழ்ந்தனர். உழவர் பலர் அவர்களை ஒளித்து வைத்து, உணவளித்துக் காத்தனர். அதற்கு வஞ்சம் தீர்த்த ஜப்பானியப் படை ஜெஜியாங், ஜியாங்சி மாநிலங்களில் ஊர் ஊராக எரித்தது. கொல்லப்பட்டோர் இரண்டரை இலட்சம் என மதிப்பிடுவாருண்டு. டேனி சாவது அந்த மண்ணில்தான். அவனுக்காகத் திரை கண்ணீர் வடிக்கிறது. அந்த மண்ணுக்குரியவர்கள் செத்தது கதைக்குத் தேவைப்படவில்லை.

டோரிஸ் மில்லர் என்ற கறுப்பின இளைஞரையும் படம் சில நிமிடங்கள் காட்டுகிறது. டெக்சாஸ் உழவர் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பர்க்கு அன்றைய கடற்படை பெரும்பாலும் ஒதுக்கியது அடுப்படியும் பரிமாறும் வேலையுமே. அன்று காலை அழுக்குத் துணி திரட்டிக்கொண்டிருந்தவர், காயம்பட்டோரைச் சுமந்தார்; யாரும் கற்றுத்தராத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து விமானங்களை நோக்கிச் சுட்டார். 1942 மே மாதம் கடற்படைச் சிலுவை அவர் மார்பில் குத்தப்பட்டது. கறுப்பருள் முதன்முதல் அதைப் பெற்றவர் அவரே. பதக்கம் தந்தார்கள், பரிமாறும் வரிசையிலிருந்து எடுத்தார்களா? இல்லை! 1943 நவம்பரில் 'லிஸ்கம் பே' என்ற கப்பல் டார்பிடோவுக்கு இரையானபோது, சமையற் பணியாளராகவே மாண்டார். வயது 24. கட்டப்படவிருந்த விமானந்தாங்கிக் கப்பலொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்படும் என 2020இல் அறிவித்தார்கள்.

'காதல் இல்லாவிடில் இதையெல்லாம் பார்ப்பவர் யார்? அந்தப் படம் இல்லையேல் உன் மாணவன் துறைமுகத்தின் பெயரையாவது அறிந்திருப்பானா?' என்று கேட்கிறார் என் நண்பர், கணக்கு ஆசிரியர். கேள்வி நியாயமானது. முழு விடை என்னிடம் இல்லை. அந்த மாணவன் கேட்டதால்தானே நானும் இவ்வளவு சொல்ல நேர்ந்தது!

மறுநாள் வகுப்பில் மில்லர் கதையைச் சொன்னேன். வழக்கத்தைவிட அமைதியாகக் கேட்டார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "அவருக்காகவும் வீட்டில் யாராவது காத்துக்கொண்டிருந்தார்களா, ஐயா?" என்றாள்.

தாயும் தந்தையும் இருந்தார்கள் என்றேன். மகன் காணாமற்போன செய்தி அவர்களுக்குக் கிடைத்த நாளைக் கரும்பலகையில் எழுதினேன்: 1943 டிசம்பர் 7.