ஐயத்தின் பேரில் நாடு கடத்தலாமா?

2025 மே 19 அன்று இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, வந்தவரையெல்லாம் தங்கவைக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டது. மனுதாரர் 2015இல் கைதானவர். விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர் என்று சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் 10 ஆண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதை 7 ஆண்டாகக் குறைத்து, முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றது. அவராவது விசாரிக்கப்பட்டவர். ஆனால் அந்த ஒற்றைச் சொல் கிளப்பிய ஆரவாரம் அவரோடு நிற்கவில்லை. சந்தேகத்துக்கு உரியவர் எவராயினும் கப்பலேற்றி விடுவதே நல்லது என்ற பேச்சு நாடெங்கும் மரியாதைக்குரிய கருத்தாகிவிட்டது. ஐயத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒருவரை நாடு கடத்துவது அறம் அன்று; அமைதிப் பேச்சு நடக்கும் காலத்தில் அதைச் செய்வது அறிவுடைமையும் அன்று. இதில் இரண்டு கருத்துக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

தமிழர்கள் இதைத் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 1985 ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசும் தமிழர் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்தன. அமரவைத்தது ராஜீவ் காந்தி அரசு. தமிழர் தரப்பு நான்கு அடிப்படைக் கோட்பாடுகளை முன்வைத்தது; இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவின் தம்பி ஹெக்டர் தலைமையில் வந்த குழு அவற்றை ஏற்க மறுத்தது. இரண்டாம் சுற்று நடக்கும்போதே வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டதால் தமிழ்ப் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தனர். பேச்சு முறிந்த சில நாட்களில் இந்தியா எடுத்த நடவடிக்கை வியப்பானது. ஆன்டன் பாலசிங்கம், சந்திரகாசன், சத்தியேந்திரா ஆகிய மூவரையும் நாடு கடத்த ஆணை பிறந்தது. மூவருமே துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்லர். ஒருவர் எழுத்தாளர்; ஒருவர் ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகனும் அகதிகளுக்காக ஓர் அமைப்பை நடத்தியவரும் ஆவார்; ஒருவர் வழக்கறிஞர். தமிழர் தரப்பை இறுக வைத்தார்கள் என்பதுதான் அவர்கள் மேல் இருந்த ஐயம். எந்த நீதிமன்றத்திலும் குற்றப்பத்திரிகை இல்லை. பாலசிங்கம் லண்டனுக்கும் சந்திரகாசன் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். தமிழ்நாட்டில் ஈழத் தமிழர் ஆதரவு அமைப்பான டெசோ கிளர்ந்தெழுந்தது. ஆணை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. பேச்சுக்கு இடையூறு என்று விமானம் ஏற்றப்பட்ட அதே பாலசிங்கம்தான், 2002இல் தாய்லாந்திலும் ஆஸ்லோவிலும் நடந்த பேச்சுகளில் புலிகளின் தலைமைப் பேச்சாளராக அமர்ந்தார். பதினேழு ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் போன பிறகு அதே ஆளிடம்தான் உலகம் பேச வேண்டியிருந்தது.

இந்தப் பிழையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சோழர் இருவர் மோதிய காலத்தில் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை, ஒற்றன் என்று ஐயுற்ற நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் இடைபுகுந்து பாடி அந்த உயிரை மீட்டது புறநானூற்றில் இருக்கிறது. அதே கோவூர்கிழார்தான் அந்த இரு சோழரையும் போர் தவிர்க்கும்படி இடித்துரைத்தவர் என்பதைச் சேர்த்து நோக்க வேண்டும். அமைதி பேசுகிறவருக்கு ஐயத்தை அடக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதை அந்தப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. கம்பனின் வீடணன் அடைக்கலப் படலம் இன்னும் நெருக்கமானது. போர் தொடங்கும் வேளையில் பகைவனின் தம்பி அடைக்கலம் கேட்டு வருகிறான். சுக்கிரீவனும் சாம்பவனும் ஏற்காதே என்கிறார்கள். உளவுத்துறை அறிக்கை ஒன்று அன்று எழுதப்பட்டிருந்தால் அவர்கள் பக்கமே நின்றிருக்கும். அனுமன் வீடணன் நடந்துகொண்டதை நேரில் கண்ட சான்றுகளைச் சொல்கிறான். இராமன் சான்றைக் கேட்டபின் முடிவெடுக்கிறான். இதற்கு மறுபுறம் சிலப்பதிகாரம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்று ஒருவனைக் கொல்வித்த பாண்டியன், விசாரணை நடந்த அன்றே அரியணையில் உயிர்விட்டான். அந்த விசாரணையை நடத்தியவளோ கொலையுண்டவனின் மனைவி. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தை ஆராய்தலில்தான் தொடங்குகிறார். யார் மாட்டும் ஒருபக்கம் சாயாமல் தேர்ந்து செய்வதே முறை என்கிறார். குடிமகனுக்கு ஒன்று, அயலானுக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

கொடியவரை ஒறுப்பது பைங்கூழில் களைகட்டதற்கு ஒப்பு என்று அதே அதிகாரம் சொல்வதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. களையெடுப்பவர் முதலில் எது களை, எது பயிர் என்று குனிந்து பார்க்கிறார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நம் அண்மை வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். கடலூர்ச் சிறையில் 1918 நவம்பரில் அடைக்கப்பட்டவர் சுப்பிரமணிய பாரதி. பத்தாண்டுகள் பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்துவிட்டு ஆங்கில எல்லைக்குள் காலடி வைத்ததே குற்றம். 1911இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டதும் ஆங்கில அரசின் ஐயம் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தோர் அனைவர் மேலும் விழுந்தது. அவர்களை அங்கிருந்து அகற்றும்படி பிரெஞ்சு அரசை நெருக்கினார்கள். அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. இன்றைய அகராதியில் பாரதி ‘சந்தேகத்துக்குரிய தீவிரவாதி’. அந்த யோசனை நிறைவேறியிருந்தால் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் எங்கே முடிந்திருக்கும்? 1907இல் லாலா லஜபதி ராயை விசாரணையின்றி மண்டலேவுக்கு அனுப்பிய ஆங்கில அரசைக் கொடுங்கோல் என்று பாடநூலில் படிக்கிறோம். அதே கருவியை நாம் எடுக்கும்போது மட்டும் அது நிர்வாக நடவடிக்கை ஆகிவிடுகிறது.

உலகமும் இந்தப் பாடத்தை மறுபடி மறுபடி படித்திருக்கிறது. இஸ்ரேலும் பாலஸ்தீனரும் அமைதி பேசிக்கொண்டிருந்த 1992 டிசம்பரில், எல்லைக் காவலர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டதும், ஹமாஸ், இஸ்லாமிய ஜிகாத் ஆதரவாளர்கள் என்று 415 பேரை இஸ்ரேல் தெற்கு லெபனான் எல்லையில் இறக்கிவிட்டது. லெபனான் ஏற்க மறுத்தது. மர்ஜ் அல்-ஸுஹூர் மலைச்சரிவில், கூடாரங்களில், குளிரில் அவர்கள் கிடந்தார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 799ஆம் தீர்மானத்தால் கண்டித்தது. வாஷிங்டன் பேச்சு முடங்கியது. சிலர் தவறுதலாகப் பட்டியலில் சேர்ந்தவர்கள் என்று இஸ்ரேலே பிறகு ஒப்புக்கொண்டது. விசாரணை இல்லாத இடத்தில் பட்டியலே தீர்ப்பாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. யாரோ பேராசிரியர்களாக, மருத்துவர்களாக இருந்தவர்களை உலகத் தொலைக்காட்சிகள் அந்தச் சரிவில்தான் தலைவர்களாக்கின. அவர்களில் ஒருவர் இஸ்மாயில் ஹனியே. 2024 ஜூலையில் டெஹ்ரானில் கொல்லப்பட்டபோது அவர்தான் போர்நிறுத்தப் பேச்சில் ஹமாஸின் அரசியல் தலைவர். ஆக்கிரமித்த நிலத்திலிருந்து அந்நிலத்து மக்களையே வெளியேற்றுவதும் அயல்நாட்டவரைத் திருப்பி அனுப்புவதும் சட்டத்தில் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் விசாரிக்காமல் விலக்குவது என்ற குற்றம் இரண்டிலும் ஒன்றே.

எதிர்ப்பக்கத்தில் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 1984இல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டும், 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையும் கற்பனை அல்ல. விருந்தோம்பிய மண்ணில் இரத்தம் சிந்தியது. அயல்நாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 1955இலேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் 1985இல் அந்த மூவரையும் நாடு கடத்த ஆணையிட்டதால் ஒரு குண்டாவது தடுக்கப்பட்டதா? ஆயுதப் பயிற்சி அளித்த கை ஒன்று, பேச்சாளரைத் துரத்திய கை ஒன்று. இரண்டும் ஒரே அரசின் கைகள். உண்மையாகவே சதி செய்தவருக்கு நீதிமன்றமும் சிறையும் இருக்கின்றன. சான்று இருந்தும் வழக்குத் தொடுக்காமல் நாடு கடத்தினால் குற்றவாளி தப்புகிறான். சான்று இல்லாமல் நாடு கடத்தினால் நிரபராதி தண்டிக்கப்படுகிறான். அரசு தன் அச்சத்துக்குக் குடிமக்களையும் அடைக்கலம் புகுந்தோரையும் இரையாக்கும்போது, பாண்டியன் அவையில் ஒலித்த சிலம்பை நினைவுபடுத்துவது குடிகளின் கடமை.

சிறையைவிட நாடு கடத்தல் இரக்கமானது என்றும் சிலர் வாதிடுவார்கள். எங்கே அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது அது. புலி என்று முத்திரை குத்தி ஒருவரைக் கொழும்பில் இறக்கினால், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அங்கே காத்திருக்கிறது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில், குடிமகனோ அல்லவோ, ஒவ்வொருவரின் உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றமே கூறியது. எழுத்தில் காரணம், வழக்கறிஞர், நீதிபதி முன் ஒருமுறை பதில் சொல்லும் வாய்ப்பு, போகும் நாட்டில் உயிருக்கு என்ன நேரும் என்ற ஆய்வு: இவை கேட்பது மிகையல்ல. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல செயல்தான். ஆனால் குறிஞ்சிப்பாடி முகாமில் பிறந்து, இலங்கையை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் மேல் நாளை ஐயம் எழுந்தால் அவரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதற்கு அந்த ஆணையில் விடை இல்லை.