படைப்பு எங்கே தொடங்குகிறது?

அலாஸ்காவின் தென்கிழக்கில் உள்ள கிளேசியர் விரிகுடா, 1750ஐ ஒட்டிய காலத்தில் விரிகுடாவாகவே இல்லை. கடல்வாய் வரை பனியாறுதான் கிடந்தது. 1794இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழுவைச் சேர்ந்த ஜோசப் விட்பி அங்கே கண்டதும் பெரும் பனிச்சுவரே. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர், எஸ். ஹால் யங் என்ற பாதிரியாருடனும் டிலிங்கிட் பழங்குடித் துணைவர்களுடனும் படகில் வந்து சேர்வதற்குள் பனி 50 கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது.

விவிலியத்தில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்து வளர்ந்தவர் மியூர். பனி விலகிய வெற்றுப்பாறையில் அவர் கண்டது இறைவனின் கைவேலையை. படைப்பு என்றோ முடிந்துபோன காரியமல்ல, கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பது என்று அவர் நம்பினார். 1916 முதல் சூழலியலாளர் வில்லியம் கூப்பர் ஒரு சதுர மீட்டர் பாத்திகளைக் குறித்துவைத்துக் கவனித்ததும் இதற்கு வலு சேர்த்தது. பாசியும் டிரையாஸ் செடியும் முதலில் தரையைப் பற்றுகின்றன; ஆல்டர் புதர் வேர்முடிச்சுகளால் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கிறது; பிறகு ஸ்புரூஸ் காடு எழுகிறது.

ஆனால் ஹூனா டிலிங்கிட் மக்களுக்கு அது புதிய நிலமல்ல, இழந்த ஊர். பூப்பெய்தித் தனித்து வைக்கப்பட்ட பெண்ணொருத்தி, காய்ந்த மீனைக் காட்டி, நாயைக் கூப்பிடுவதுபோலப் பனியாற்றைக் கூப்பிட்டாள். அது வந்து ஊரை விழுங்கியது என்கிறது அவர்களின் மரபு. எல்லோரும் படகேறியபோது ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். சிலர் அவளைக் கிழவி என்பர், சிலர் அந்தப் பெண்ணே என்பர். இங்கே பனி, மனிதச் சொல்லைக் கேட்டு மறுமொழி தரும் உயிர்.

மியூரின் பரவசம் உண்மையானது. அதில் இடம்பெறாமல் போனது இந்த நினைவு. அவர் போனபோதே விரிகுடாவில் ஹூனா சீல் வேட்டைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரைத்தான் வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார். இருந்தும் தொடக்கம் என்று ஒன்றை வகுப்பவர், அதற்கு முன் வாழ்ந்தவர்களை எளிதில் மறந்துவிடுகிறார். அந்த மறதிக்கு விலையும் உண்டு. 1925இல் விரிகுடா தேசிய நினைவிடமாயிற்று. மனிதக் கை படாத இயற்கையைக் காப்பதாகச் சொல்லி, வேட்டையும் கடற்காக முட்டை எடுப்பதும் காலப்போக்கில் தடுக்கப்பட்டன.

ஹூனா மக்களின் முட்டை எடுக்கும் முறையே ஓர் அறநூல். ஒன்றிரண்டு முட்டையுள்ள கூட்டில் மட்டும் கை வைப்பார்கள். பறவை மறுபடி இடும். மூன்று இருந்தால் அடைகாத்தல் தொடங்கியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். மனிதனும் படைப்புக்குள் வேலை செய்பவனே என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது. 2014இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், அங்கே மீண்டும் முட்டை எடுக்க அவர்களுக்கு வழிவிட்டது.