ஈர விறகு

ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி என்று பழனி மலையின் கீழ்ச்சரிவில் காபிக்கும் மிளகுக்கும் மலைவாழைக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்களில் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் சிறிய பள்ளிதான். பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியர்களும் குறைவு. ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து நடத்த வேண்டியிருக்கும். தோட்டக் கூலி வீட்டுப் பிள்ளையும் பளியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆசிரியரின் கையில் பயிற்சி வகுப்பில் ஒரு கையேடு தரப்படுகிறது. இந்த முறையில் கற்பித்தால் பிள்ளைகள் தேறுவார்கள், இது ஆய்வுகளில் நிறுவப்பட்டது என்கிறார்கள். அவர் அதை நம்ப வேண்டுமா? நிர்வாகக் கேள்விபோல் தோன்றும் இது, அறிவு எப்படி உண்டாகிறது என்ற பழைய தத்துவக் கேள்விதான். எங்கோ சில ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி யாரோ அறிந்தது, முன்வரிசையில் உட்கார்ந்து வாசிக்கத் தடுமாறும் இந்த ஒரு பிள்ளையைப் பற்றிய அறிவாக எந்த உரிமையில் மாறுகிறது?

நம் தத்துவ மரபு இதற்கு ஒரு கருவியை வைத்திருக்கிறது. அளவை என்பது அதன் பெயர். அறிவு எந்தெந்த வழியில் வந்தால் அதை அறிவென்று ஏற்கலாம் என்று ஆராய்வது அதன் வேலை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ நூலான சிவஞான சித்தியார் கடவுளைப் பற்றிப் பேசும் முன்பே அளவையைப் பற்றிப் பேசுகிறது. பலர் பலவாக எண்ணிய அளவைகளை அது காட்சி (நேரில் காண்பது), கருதல் (கண்டதிலிருந்து ஊகிப்பது), உரை (பெரியோர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. அதற்கும் முந்திய மணிமேகலையில், வஞ்சியில் அளவைவாதியின் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டுக் கச்சிக்கு வரும் மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிப்பது இரண்டே அளவைகளை: காட்சியும் கருதலும். பௌத்தருக்கு உரை தனி அளவை அல்ல. கருதலின் சோதனையில் தேறினால்தான் அதற்கு மதிப்பு. பள்ளிக்கு வரும் ஆய்வு முடிவு நடைமுறையில் உரையாகவே வருகிறது. பெரியவர்கள் கண்டார்கள், துறை சொல்கிறது, செய்துவிடு. ஆய்வு ஆசிரியருக்கு உண்மையிலேயே பயன்படும், ஆனால் அது உரையாக இருக்கும்வரை பயன்படாது என்பதே என் வாதம். அதைக் கருதலாக மாற்றிக்கொள்ள வேண்டும், அந்த மாற்றத்தைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர் ஆசிரியர்தான். சைவரோடு எனக்கு எத்தனையோ உடன்பாடு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அறவண அடிகள் பக்கமே சாய்கிறேன்.

கருதல் எப்படித் தவறும் என்பதைத் தருக்க நூலார் நுணுக்கமாகக் கண்டிருக்கிறார்கள். புகை இருக்குமிடத்தில் நெருப்பு உண்டு என்று கருதலாம். திருப்பிப் போட்டு, நெருப்பு இருக்குமிடத்தில் புகை உண்டு என்று கருத முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அடுப்பில் புகையை எழுப்புவது வெறும் நெருப்பு அல்ல, நெருப்போடு சேர்ந்த ஈர விறகு. எந்நேரமும் கூடவே இருந்ததால் அது கண்ணுக்குப் படவில்லை. இப்படி மறைந்து நின்று விளைவை உண்டாக்கும் நிபந்தனையை உபாதி என்பார்கள். ‘இந்தக் கற்பித்தல் முறை, ஆகவே இந்தத் தேர்ச்சி’ என்று சொல்லும் ஒவ்வொரு ஆய்வு முடிவிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அங்கே ஈர விறகு எது?

சான்றுக்குத் தொலைவு போக வேண்டாம். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தொடங்குவது இதன் அடிப்படை. இந்த எண்ணத்துக்குப் பின்னால் இந்தியாவிலேயே நடந்த வலுவான ஆய்வுகள் இருக்கின்றன. பிரதம் அமைப்பு வதோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு தனியாகக் கற்பித்தபோது தேர்ச்சி கூடியதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருவரும் 2019இல் மைக்கேல் கிரெமருடன் பொருளாதார நோபல் பெற்றவர்கள். கதை இத்துடன் நின்றிருந்தால் கையேட்டுக்குப் பொருத்தமான கதைதான், ஆனால் நிற்கவில்லை. பீகாரில் அரசு ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாமில் இதே முறையைக் கையாண்டபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே மாநிலத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்து, பள்ளி நாட்களில் செய்துகொள்ளுங்கள் என்று விட்டபோது முன்னேற்றம் இல்லை. உத்தரகண்டில் கூடுதலாகத் தன்னார்வலர்களைக் கொடுத்தும் பயனில்லை. அவர்கள் பள்ளியின் வழக்கமான வேலையில் கரைந்துபோனார்கள். பிறகு ஹரியானாவில், இதற்கென்றே நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பைக் கலைத்து நிலைவாரியாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, வட்டார அளவில் மேற்பார்வையும் வைத்தபோது வாசிப்புத் திறன் உயர்ந்தது.

இந்த வரிசையைப் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று விளங்கும். நான்கு இடத்திலும் நெருப்பு ஒன்றே. புகை மட்டும் சில இடங்களில் எழவில்லை. கோடையில் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் இல்லை. பள்ளி நாளில் அது இருந்தது, ஆகவே புதிய முறை பழைய வேலையின் மேல் ஒட்டிய தாளாகிப் போனது. ஒதுக்கப்பட்ட நேரமும் கலைக்கப்பட்ட வகுப்புமே அங்கே ஈர விறகு. மலைப் பள்ளி ஆசிரியருக்கு இதில் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. ஹரியானாவில் உத்தரவு போட்டுக் கலைக்க வேண்டியிருந்த வகுப்பு, ஒரே அறையில் மூன்று வகுப்புகளை நடத்துகிறவரிடம் ஏற்கெனவே கலைந்துதான் இருக்கிறது. அவரிடம் இல்லாதது அந்த ஒரு மணி நேரம். கையேட்டை உரையாக எடுத்துக்கொண்டவர் அதில் சொன்ன அட்டைப் பயிற்சியையும் பாடலையும் செய்வார், நேரத்தைக் கேட்க மாட்டார். கருதலாக எடுத்துக்கொண்டவர் முதலில் நேரத்தைத்தான் கேட்பார்.

நம் வெற்றி வெளியே போய்த் தோற்ற கதையும் உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பற்றிக் கற்பிப்பதையும் மெலிந்த குழந்தைகளுக்குத் துணையுணவு தருவதையும் மையமாகக் கொண்டது. நல்ல பெயரும் வாங்கியது. அதன் அச்சில் வங்கதேசத்தில் வார்த்த திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கற்பிக்கப்பட்டவள் தாய். கடைக்குப் போகிறவர் கணவர், சோற்றைப் பங்கிடுகிறவர் மாமியார். தாய் கற்றதைச் செய்துகாட்டும் அதிகாரம் அவள் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் சொல்லாமலே நிறைவேறியிருந்தது, அதனால் யாரும் அதை எழுதிவைக்கவில்லை. தத்துவப் பேராசிரியர் நான்சி கார்ட்ரைட் இதை எடுத்துக்காட்டி, ஓரிடத்தில் பலித்தது என்பதிலிருந்து நமக்குப் பலிக்கும் என்பதற்கு நேர்வழி கிடையாது என்று வாதிடுகிறார். மணிமேகலை, கருதலைப் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து ஒவ்வொன்றின் போலியையும் வரிசைப்படுத்தும் பகுதியைச் சலிப்பென்று புரட்டிவிடுவோர் உண்டு. கொள்கை வகுப்போர் அந்தச் சலிப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் ஒருவர் எழுந்து, அப்படியானால் ஆய்வே வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் தனி, அதை நேரில் காணும் ஆசிரியரின் அனுபவமே போதும் என்பார். கேட்க இனிமையாக இருக்கும் இந்த மறுப்பு நிற்காது. ஒவ்வொரு பிள்ளையும் முற்றிலும் தனி என்றால் போன ஆண்டுப் பிள்ளைகளிடம் கற்ற அனுபவம் இந்த ஆண்டுக்கு உதவாது. அனுபவம் உதவுகிறது என்று சொல்லும் கணமே நாம் கருதலை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். எவ்வளவு பெரிய சான்றிலிருந்து, எவ்வளவு கவனமாக என்பது மட்டுமே மிச்சக் கேள்வி. மேலும், காட்சி பழுதற்றது என்று நம் தருக்க நூலார் நம்பவில்லை. ஐயக்காட்சியையும் திரிவுக்காட்சியையும் நீக்கிய பிறகே காட்சியை அளவையாக ஏற்றார்கள். வகுப்பறையில் திரிவு எவ்வளவு எளிது என்பதற்கு ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை போதும். மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டாம் முறையும் வாசித்தார்கள். இன்னொரு பத்தியை ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து, திரும்ப வாசித்த பத்தியில் 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள், எழுதிப் பார்த்த பத்தியில் 75. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: முன்னதில் 42, பின்னதில் 56. ஆசிரியரின் கண் முன் நிற்பது எப்போதும் அந்த ஐந்தாவது நிமிடம்தான். பாடம் முடிந்ததும் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்கிறது, மனம் நிறைகிறது. அடுத்த வாரம் பிள்ளை முழிக்கும்போது குறை பிள்ளையின் மேல் விழுகிறது. எத்தனை ஆண்டு அனுபவமும் இந்தப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளாது, ஏனென்றால் ஒவ்வொரு நாளின் காட்சியும் அதை உறுதிப்படுத்தியபடியே இருக்கிறது. ஆய்வின் உண்மையான பயன் இங்கேதான்: கண்ணால் காண முடியாத ஒப்பீட்டை அது காண வைக்கிறது. (இந்தச் சோதனைக்கும் உபாதி உண்டு. அவர்கள் கல்லூரி மாணவர்கள். தங்குதடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் இதை அப்படியே செய்யச் சொன்னால் வெற்றுத் தாள்தான் மிஞ்சும்.)

இன்னொரு மறுப்பு ஆழமானது. கற்பித்தல் ஓர் உறவு. அதை முறை என்று சொல்லத் தொடங்கினால் பிள்ளை பொருளாகிவிடும், ஆசிரியர் இயந்திரமாகிவிடுவார் என்பது அது. இதைச் சமயத் தீவிரத்தோடு சொன்னவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929இல் தன்னை உலகாசிரியராகக் கொண்டாடிய அமைப்பையே கலைத்தவர், முறைகளும் அமைப்புகளும் கல்வியின் வேர் அல்ல என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் மிகப் பெரிய கற்பித்தல் முறை அவர் நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியிலிருந்துதான் புறப்பட்டது. சுற்றியுள்ள சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அங்கே உருவான கற்றல் ஏணிப்படியும் பயிற்சி அட்டைகளும் 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தன. சில ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவின. தரையில் உட்காரும் ஆசிரியர், கீழ்மட்டக் கரும்பலகை, தன் வேகத்தில் ஏறும் பிள்ளை என்று பல வகுப்பறைகளில் அச்சம் குறைந்தது. அட்டையை எடுப்பதே சடங்காகிப்போன வகுப்பறைகளும் இருந்தன. முறை உறவைக் கொல்லும் என்பவர்கள் இரண்டாவதைக் காட்டுவார்கள். முதலாவதும் முறையால்தான் வந்தது என்று நான் சொல்வேன். பிள்ளையை எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற கேள்விக்கு எந்த ஆய்வும் விடை தராது; அதில் கிருஷ்ணமூர்த்தி சொன்னதே சரி. ஆனால் வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு ஆசிரியரின் அன்பு மட்டும் போதாது. கொள்வோர் எப்படிக் கொள்கிறார் என்பதை அறிந்து கொடுப்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரின் கடமையாகவே வைக்கிறது. அறியும் கடமை இருந்தால், அறியும் வழிகளில் நல்லதைத் தேடும் கடமையும் கூடவே வரும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மதிய உணவுக் கணக்கு, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, இரண்டு மூன்று வகுப்பு எல்லாவற்றையும் சுமக்கும் ஒருவரிடம் போய் உபாதியை ஆராயச் சொல்வது நியாயமா? நியாயமில்லை, அவர் ஒருவரே செய்ய வேண்டுமென்றால். ஆனால் இதே மலையில் ஓர் ஏற்பாடு பழக்கத்தில் இருக்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. புதிய ரகத்தைப் பற்றிக் கேள்விப்படும் காபி விவசாயி எந்த உயரத்தில், எந்த நிழலில், எவ்வளவு மழையில் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்பார். கேட்பது மரியாதைக் குறைவென்று நிலையத்தாரும் நினைப்பதில்லை. காபியிடம் காட்டும் இந்தக் கவனத்தைப் பிள்ளையிடம் காட்டக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. ஆசிரியர் செய்ய வேண்டியது ஆய்வுக் கட்டுரை எழுதுவதல்ல. இந்த முறை எங்கே சோதிக்கப்பட்டது, அங்கே நாளுக்கு எவ்வளவு நேரம், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், பிள்ளைகளுக்கு முன்கூட்டி என்ன தெரிந்திருந்தது என்று கேட்பது; இல்லாததை எழுதிக் கொடுப்பது; ஒரு பருவம் செய்துபார்த்து, அன்றைக்கே சோதிக்காமல் ஒரு வாரம் விட்டுச் சோதிப்பது. இவ்வளவே.

இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டிய இடம் கையேடு. கையேடு எழுதுகிறவர்கள் வதோதராவின் வெற்றியை முதல் பக்கத்தில் போடட்டும். பீகாரில் பயிற்சியும் பொருள்களும் கொடுத்தும் எதுவும் நடக்காமல் போனதையும், உத்தரகண்டில் தன்னார்வலர்கள் கரைந்துபோனதையும் அதே எழுத்தளவில் அடுத்த பக்கத்தில் போட வேண்டும். இரண்டாவது பக்கத்தைப் படித்த ஆடலூர் ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலரிடம் தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தரும்படி கேட்கலாம். அந்த நேரத்தில் தனக்கு வேறு வேலை தரக்கூடாது என்றும் எழுத்தில் கேட்கலாம். முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் அப்படிக் கேட்க முடியாது.