நாழிகையும் நடுநிலையும்

அளவையின்றி உலக வழக்கு நடைபெறாது. நெல்லுக்கு மரக்காலும், நிலத்துக்குக் கோலும், பண்டத்துக்குத் துலாக்கோலும் அமைத்த மாந்தர், காலத்துக்கு நாழிகை வட்டிலை அமைத்தனர். ஏனையவற்றைக் கண்ணாற் கண்டு கையாற் பற்றலாம், காலமோ பற்றுதற்கரியது. ஆகலின், ஒழுங்காக மீண்டும் மீண்டும் நிகழும் ஒன்றை எண்ணியே அதனை அளத்தல் வேண்டும். எண்ணப்படுவது யாது? எண்ணுவோர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

முன்னாளில் எண்ணப்பட்டது பூமியின் சுழற்சி. ஒரு நாளின் 86,400 கூறுகளுள் ஒன்றே செக்கன் எனப்பட்டது. ஆயின், அச்சுழற்சி முற்றும் சீரானதன்று. கடலின் ஏற்றவற்றத்தால் அது மெல்லத் தளர்ந்து வருகின்றது. ஆகவே அறிஞர் அணுவை நாடினர். 1955 ஆம் ஆண்டில் லூயி எசென், ஜாக் பாரி என்னும் இருவர் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே சீசிய அணுக்கடிகாரத்தை இயக்கிக் காட்டினர். 1967 இல் கூடிய சர்வதேச அளவை மாநாடு, சீசியம் 133 என்னும் அணுவுக்குரிய அலையின் 9,192,631,770 அதிர்வுகள் நிகழுங் காலமே ஒரு செக்கன் என வரையறுத்தது.

அஃது எங்ஙனமெனின், கூறுதும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இயைந்த வேளையில் உந்தினாலன்றி அஃது ஓங்கி ஆடாது. அவ்வாறே சீசிய அணுவும் தனக்கு இயைந்த அதிர்வோடு வரும் நுண்ணலையை ஏற்றே ஒரு நிலையினின்றும் மற்றொரு நிலைக்கு மாறும். அலை சிறிது பிறழின், மாறும் அணுக்கள் குறையும். அக்குறைவைக் கண்டு, அலையைப் பிறப்பிக்குங் கருவியைத் திருத்தியவாறே அதிர்வுகளை எண்ணுவர். இதுவே ஒத்ததிர்வு. சீசிய அணு பாரிசில் இருப்பினும் டில்லியில் இருப்பினும் ஒரு தன்மையதே. எவர்பக்கமும் அது சாயாது.

செக்கன் ஒருபாற் கோடாதாகவே மணியும் கோடாது எனக் கொள்ளலாமோ? ஆகாது. நம் நாட்டிலே 1996 மே மாதத்தில், மின்சாரப் பற்றாக்குறை காரணமாக மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரலிலேயே பழைய நிலையை எய்தின. இவற்றால் அணுவின் அதிர்வு மாறிற்றில்லை. பதுளை மலைகளின்மேல் ஞாயிறு எழுவதும் மாறிற்றில்லை. விடியலில் எழுந்து தொழிலுக்கும் பள்ளிக்கும் செல்வோர்க்கு இருளே மிகுந்தது. செக்கனின் நீளத்தை அணு கூறும். ஆறு மணி எப்பொழுது என்பதை மனிதரே கூறுவர்.

ஊவாத் தோட்டங்களுக்கு இது பழைய பாடம். லயங்களில் மணிக்கூடு அரிதாயிருந்த காலத்திலே, பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியே விடியல். தோட்டத்துக் கந்தோர் மணிக்கூடு காட்டியதே மணி. அது முந்தியதோ பிந்தியதோ எனக் கொழுந்து கொய்பவள் அறியுமாறில்லை. 1924 இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. எனினும் நிலையத்து மணிக்கூடு மலைமேலுள்ள லயத்துக்குப் புலப்படாது. இன்றோ, அவள் கைத்தொலைபேசி அணுக்கடிகாரங்களைப் பின்பற்றும் வலையமைப்பினின்றும் மணியைப் பெறுகின்றது. வேலை வாங்குவோனும் செய்வோளும் ஒரே மணியைக் காண்கின்றனர். இத்துணை நுண்ணிய அளவை எளியோர்க்கு எற்றுக்கு என வினவுவார்க்கு இதுவே விடை: நுண்மையினும் பொதுமையே அதன் பெரும்பயன். அளவை ஒருவன் கையில் மறைந்திருக்குமளவும், அது மெய்யாயினும் மற்றவனுக்கு அஃது ஆணையே.

ஆசிரியப் பெருமக்காள்! நம் கையிலும் ஒரு மணி உண்டு. பாடவேளையிற் பத்து நிமிடம் பிந்தி வகுப்பிற் புகுவோமாயின், குறைந்த மரக்காலால் அளந்த வணிகனினும் நாம் எவ்வாற்றான் உயர்ந்தோம்? அவன் கவர்ந்த நெல்லைத் திருப்பி அளக்கலாம். அப்பத்து நிமிடத்திலே கழிந்த ஐந்தரை இலட்சங்கோடி அதிர்வுகளுள் ஒன்றையேனும் அப்பிள்ளைக்கு மீட்டளிக்க எவ்வணுவாலும் இயலாது. அணு தன் கடனைச் செய்துவிட்டது; எஞ்சியது நம் கடன்.